ஆம்கோர் பங்கு மலிவுதானா?

பேக்கேஜிங் துறைப் பங்குகளைப் பற்றிப் பேச்செடுத்தால், 'கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்' என்ற பட்டியலில் ஆம்கோர் முதலில் வந்து நிற்கிறது. வாதம் சுருக்கமானது. 2025 ஏப்ரல் 30 அன்று அமெரிக்காவின் பெர்ரி குளோபல் நிறுவனத்தை ஆம்கோர் தன்னோடு இணைத்துக்கொண்டது. ஆண்டு விற்பனை சுமார் 2,300 கோடி டாலர் என்ற அளவுக்கு நிறுவனம் பெருத்தது. மூன்றாண்டுகளில் 65 கோடி டாலர் இணைப்பு ஆதாயம் வரப்போகிறது. ஆனால் 2024 நவம்பரில் இணைப்பை அறிவித்தபோது 10 டாலருக்குச் சற்று மேலே இருந்த பங்கு, 2025 முடியும்போது எட்டு டாலர் சொச்சத்துக்கு இறங்கியிருந்தது. அந்த விலை 2026 நிதியாண்டுக்கு எதிர்பார்த்த லாபத்தின் பத்து மடங்குதான், அதோடு ஆறு சதவீத டிவிடெண்ட். ஆகவே சந்தை தப்பாக எடைபோடுகிறது, நாம் முந்திக்கொள்ள வேண்டும் என்கிறார்கள்.

இந்த வாதத்தின் ஒவ்வொரு எண்ணும் உண்மை. அவற்றைக் கூட்டி எடுக்கும் முடிவோடுதான் எனக்கு ஒத்துப்போகவில்லை.

முதலில் ஒரு குறிப்பு. 2026 ஜனவரியில் ஆம்கோர் தன் ஐந்து பங்குகளை ஒன்றாக்கியது. அதனால் இன்று செயலியில் தெரியும் விலை ஐந்து மடங்காக இருக்கும். விலை ஏறிவிட்டதாக மகிழ்ந்தவர்களும் உண்டு! இந்தக் கட்டுரையில் வரும் எண்கள் எல்லாம் பழைய பங்குக் கணக்கில்தான்.

'லாபத்தின் பத்து மடங்கு' என்பதை எடுத்துக்கொள்வோம். எந்த லாபம்? 2025 ஜூனில் முடிந்த நிதியாண்டில் பங்கு ஒன்றுக்கு 71.2 சென்ட் லாபம் என்று நிறுவனம் முன்னால் வைத்துக் காட்டியது. அது 'சரிசெய்யப்பட்ட' லாபம். கணக்கியல் விதிகளின்படி கிடைத்த லாபம் 32 சென்ட். இணைப்புச் செலவு, ஆலைச் சீரமைப்புச் செலவு, வாங்கிய நிறுவனத்தின் வாடிக்கையாளர் உறவு போன்ற கண்ணுக்குத் தெரியாத சொத்துகளை ஆண்டுதோறும் தள்ளுபடி செய்யும் தொகை ஆகியவற்றை நீக்கிவிட்டுத்தான் 71 சென்ட் வருகிறது.

இணைப்பு நடந்த ஆண்டை வைத்துக் குறை சொல்வது நியாயமில்லை என்பார்கள். சரி, 2020 முதல் 2025 வரை ஆறு நிதியாண்டுகளையும் கூட்டிப் பாருங்கள். சரிசெய்யப்பட்ட லாபம் பங்குக்குச் சுமார் 4.3 டாலர், விதிப்படியான லாபம் சுமார் 3 டாலர். இந்த இடைவெளிக்கு 2022இல் ரஷ்யத் தொழிற்சாலைகளின் மதிப்பைக் குறைத்தது ஒரு காரணம். மற்ற ஆண்டுகளில் வேறு வேறு காரணங்கள். 'ஒருமுறைச் செலவு' ஆண்டு தவறாமல் வந்தால் அதை வழக்கமான செலவு என்றுதான் எழுத வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சொத்தைத் தள்ளுபடி செய்யும்போது ரொக்கம் வெளியே போவதில்லை, ஆகவே விதிப்படியான லாபமும் முழு உண்மை அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். உண்மை இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. பத்து மடங்கு என்று சொல்கிறவர்கள் மேல் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது, 'முழுக்கப் பங்குப் பரிமாற்றம், கடன் வாங்காமல் முடித்த இணைப்பு' என்ற பெருமை. பெர்ரி பங்கு ஒன்றுக்கு 7.25 ஆம்கோர் பங்கு கொடுத்தார்கள். பெர்ரியின் பங்குதாரர்களுக்கு ரொக்கம் கொடுக்கவில்லை, மெய்தான். ஆனால் இண்டியானா மாநிலத்தின் எவன்ஸ்வில்லில் இருந்து வந்த பெர்ரி, நிறுவனங்களைக் கடன் வாங்கி வாங்கியே வளர்ந்தது. 2019இல் பிரிட்டனின் ஆர்.பி.சி. குழுமத்தையும் அப்படித்தான் வாங்கியது. அந்தக் கடன் அப்படியே ஆம்கோரின் ஏட்டுக்கு வந்துவிட்டது. 2024 ஜூனில் சுமார் 610 கோடி டாலராக இருந்த நிகரக் கடன், ஓராண்டில் சுமார் 1,330 கோடி டாலர் ஆனது.

ஒரு கோடி ரூபாய் வீட்டை, அதன் மேல் நிற்கும் நாற்பது லட்சம் ரூபாய்க் கடனோடு வாங்கியவர், 'அறுபது லட்சத்துக்கு முடித்துவிட்டேன்' என்று ஊருக்குச் சொல்லலாம். பங்கு விலையை லாபத்தால் வகுக்கும் பி.இ. விகிதம் அப்படித்தான் பேசுகிறது. சுமார் 230 கோடிப் பங்குகளை எட்டு டாலர் சொச்சத்தால் பெருக்கினால் 1,900 கோடி டாலர். கடனையும் சேர்த்தால் 3,200 கோடிக்கு மேல். 2025 ஜூனில் கடன் எபிட்டாவைப் (வட்டி, வரி, தேய்மானம், தள்ளுபடி ஆகியவற்றைக் கழிக்கும் முன் உள்ள லாபம்) போல மூன்றரை மடங்கு என்று நிறுவனமே சொன்னது. அதை வைத்துக் கணக்கிட்டால், முழு நிறுவனத்தின் விலை எபிட்டாவில் எட்டரை மடங்கு. வளர்ச்சி மெதுவாக இருக்கும் ஒரு தொழிலுக்கு இது நியாயமான விலை. அடிமாட்டு விலை இல்லை.

இனி, வாதத்தின் முதுகெலும்பான 65 கோடி டாலர். இதை ஒரே கட்டியாகப் பார்க்கக் கூடாது. 53 கோடி செலவுக் குறைப்பு, 6 கோடி நிதிச் செலவில் மிச்சம், 6 கோடி புதிய விற்பனையால் வரும் லாபம் என்று மூன்று பகுதிகள் இருக்கின்றன. முதல் பகுதி நடக்கும் என்றே நம்புகிறேன். ஒரே பாலிமரை இரண்டு நிறுவனங்கள் தனித்தனியே வாங்கியதை இனி ஒன்றாக வாங்கினால் விலை குறையும். இரண்டு தலைமை அலுவலகங்களும் தேவையில்லை. ஆம்கோர் இதில் கைதேர்ந்தது. 2019இல் பெமிஸ் நிறுவனத்தை இணைத்தபோது 18 கோடி டாலர் மிச்சம் பிடிப்போம் என்றது, பிடித்தும் காட்டியது. பெர்ரி இணைப்பிலும் முதல் காலாண்டுகளில் சொன்ன இலக்கைத் தாண்டியே போகிறது.

ஆனால் பெமிஸ் இணைப்பால் பங்குதாரருக்கு என்ன கிடைத்தது? 2020இல் பங்குக்கு 64.2 சென்ட், 2021இல் 74.4, 2022இல் 80.5 என்று லாபம் ஏறியது. பிறகு 2023இல் 73.3, 2024இல் 70.2 என்று இறங்கியது. இவை எல்லாம் நிறுவனத்துக்குச் சாதகமான அந்தச் சரிசெய்யப்பட்ட எண்கள்தான். ரஷ்யத் தொழிற்சாலைகளை விற்று வெளியேறியது, வட்டி ஏறியது, கோவிட் காலத்தில் குவித்த சரக்கை வாடிக்கையாளர்கள் தீர்த்துக்கொண்டு புதிய ஆர்டரைக் குறைத்தது எல்லாம் சேர்ந்து மிச்சத்தை விழுங்கின. 2026 நிதியாண்டுக்கு நிறுவனம் தொடக்கத்தில் சொன்ன இலக்கு 80 முதல் 83 சென்ட். இவ்வளவு பெரிய இணைப்புக்குப் பிறகு, நான்கு ஆண்டுகளுக்கு முன் பெர்ரி இல்லாமலே தொட்ட இடத்துக்குத்தான் திரும்பி வருகிறார்கள். நடுவில் விலைவாசி எவ்வளவு ஏறியது என்பதை வாசகரே கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். பெமிஸ் இணைந்து நியூயார்க் சந்தையில் பட்டியலானபோது பங்கு சுமார் 11 டாலர்.

இன்னும் ஒரு கணக்கு இருக்கிறது. மலிவு என்பவர்கள் இதைப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. 71.2 சென்டிலிருந்து 80–83 சென்டுக்குப் போவது 9 முதல் 12 சென்ட் உயர்வு. அதே ஆண்டில் இணைப்பால் 26 கோடி டாலர் ஆதாயம் வரும் என்றார்கள். 230 கோடிப் பங்குகளால் வகுத்தால் 11 சென்ட், வரி போகச் சுமார் 9 சென்ட். அதாவது உயர்வில் பெரும்பங்கு இணைப்பு ஆதாயம்தான். அதைக் கழித்தால் அடிப்படை வியாபாரம் ஏறக்குறைய நின்ற இடத்தில் நிற்கிறது. இணைப்பு ஆதாயம் 2028 வரை கூடிக்கொண்டே வரும். அதன் பிறகு? வளரும் லாபத்துக்குக் கொடுக்கும் மடங்கை, மூன்றாண்டுக்குப் பிறகு வளராத சேமிப்புக்கும் கொடுப்பது சரியா? சந்தை இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறது. 2025 ஆகஸ்டில் ஆண்டு முடிவுகள் வந்த அன்று பங்கு பத்து சதவீதத்துக்கு மேல் சரிந்ததைக் கண்மூடித்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

'சாப்பாட்டுப் பொட்டலம், மருந்து அட்டை எல்லாம் எந்தக் காலத்திலும் விற்கும்' என்ற பாதுகாப்பு வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. 2025 செப்டம்பர் காலாண்டில் விற்ற அளவு சுமார் இரண்டு சதவீதம் குறைந்தது. மக்கள் பட்டினி கிடக்கவில்லை. விலை ஏறியதும் பெரிய பிராண்டுகளின் சிப்ஸையும் பானத்தையும் குறைத்துக்கொண்டார்கள். இணைப்பு முடிந்து நான்கு மாதம் ஆவதற்குள், ஆண்டுக்கு 250 கோடி டாலர் விற்பனை உள்ள தொழில்களை மறுபரிசீலனைக்கு எடுத்திருப்பதாக ஆம்கோரே அறிவித்தது. அதில் 150 கோடி வட அமெரிக்கப் பானப் பாட்டில் தொழில்.

கடைசியாக டிவிடெண்ட். ஆண்டுக்கு 52 சென்ட் என்றால் 230 கோடிப் பங்குகளுக்குச் சுமார் 120 கோடி டாலர். 2026 நிதியாண்டில் முதலீட்டுச் செலவு போகக் கையில் மிஞ்சும் ரொக்கம் 180 முதல் 190 கோடி என்பது நிறுவனத்தின் இலக்கு. ஆகவே இன்றைக்கு டிவிடெண்ட் ஆபத்தில் இல்லை. அதை வெட்டுவார்கள் என்று பயமுறுத்துகிறவர்கள் பக்கமும் நான் இல்லை. ஆனால் ஆறு சதவீதம் என்ற எண், டிவிடெண்ட் ஏறி வந்ததல்ல, விலை இறங்கி வந்தது. இணைப்புகளால் வளர்ந்த இன்னொரு பேக்கேஜிங் நிறுவனத்தின் கதையும் நினைவில் இருக்கட்டும். 2015இல் இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து பிறந்த வெஸ்ட்ராக், 2018இல் கேப்ஸ்டோனையும் வாங்கியது. 2020 மே மாதம் காலாண்டு டிவிடெண்டை 46.5 சென்டிலிருந்து 20 சென்டாகக் குறைத்தது. அதே நிதியாண்டில் 130 கோடி டாலருக்கு மேலும், 2023இல் ஏறக்குறைய 190 கோடி டாலரும் நற்பெயர் மதிப்பிலிருந்து தள்ளுபடி செய்தது. வாங்கும்போது கூடுதலாகக் கொடுத்த விலைதான் அப்படி எழுதித் தள்ளப்பட்டது. கடன் இருக்கும் இடத்தில் டிவிடெண்டுக்கு முன்னுரிமையில் இரண்டாம் இடம்தான்.

ஆம்கோரில் டிவிடெண்ட் போக மிஞ்சுவது 60–70 கோடி. 2025 ஜூன் கணக்கில் கடன் 1,330 கோடி. மறுபரிசீலனையில் இருக்கும் தொழில்களை எபிட்டாவில் எத்தனை மடங்குக்கு விற்கிறார்கள், அந்தப் பணம் நேராகக் கடனுக்குப் போகிறதா, இணைப்பு ஆதாயத்தைக் கழித்த பின்னும் விற்பனை அளவு தொடர்ந்து நான்கு காலாண்டுகளாவது ஏறுகிறதா? இந்த மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால், இதைவிடக் கூடுதல் விலை கொடுத்தும் வாங்கலாம் என்பேன்.