மேல் மாடியிலிருந்து இறங்கும் சத்தம்

ஹெவ்லொக் டவுன், வெள்ளவத்தைப் பக்கம் தொடர்மாடிகளில் குடியிருக்கும் சகோதரிகளுக்கு நான் எந்தச் சத்தத்தைச் சொல்கிறேன் என்று உடனே விளங்கும். மேல் வீட்டில் பாட்டுப் போகும். பாடுபவரின் குரல் எங்களுக்குக் கேட்காது. ‘டும், டும்’ என்ற இடி மட்டும் இறங்கி வரும். அலுமாரிக் கண்ணாடி அதிரும். கட்டிலில் படுத்தால் நெஞ்சுக்குள் கேட்கும்.

பலருக்கு அது வெறும் தொந்தரவு. எங்களில் சிலருக்கோ அது தூரத்தில் ஷெல் விழும் சத்தம். யுத்தம் 2009இல் முடிந்தது என்று தெரியும். உடம்புதான் இன்னும் நம்பவில்லை. எங்கள் கட்டடத்தில் வன்னியிலிருந்து வந்த ஓர் அம்மா இருக்கிறார். இரவில் மேலே படம் போட்டால் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கதவடியில் போய் இருந்துவிடுவார். “பாட்டுத்தான் பிள்ளை, எனக்குத் தெரியும். ஆனால் படுக்க ஏலாமல் கிடக்கு” என்பார். இதைப் பலவீனம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

மேல் வீட்டார் வேண்டுமென்று செய்வதாகவும் எண்ண வேண்டாம். ‘பேஸ்’ என்ற தாழ்ந்த ஒலியின் குணம் அப்படி. 50 ஹேர்ட்ஸ் ஒலியலை ஒன்றின் நீளம் ஏறக்குறைய 7 மீற்றர். திரைச்சீலையோ கம்பளமோ அதை மறிக்காது. சிலர் சீலிங்கில் முட்டைத் தட்டு ஒட்டுகிறார்கள். பேஸுக்கு அது வீண் வேலை. ஸ்பீக்கர் பெட்டி நேரே தரையில் இருந்தால் அதன் அதிர்வு கொங்கிரீட்டில் இறங்கி, தளமே மேளத்தோல் போல ஆகிவிடும். இன்னொன்று, அறைக்குள் பேஸ் எல்லா இடத்திலும் ஒரே அளவாய்க் கேட்காது. மேலே இருப்பவரின் கதிரையடியில் அது குறைவாய் இருந்தால், போதவில்லை என்று இன்னும் கூட்டுவார். கீழே நாங்கள் துடிப்போம்.

ஆகவே சண்டைக்குப் போகாமல், “தம்பி, பாட்டைப் போட்டுவிட்டு ஒருக்கா கீழே வந்து கேளுங்கோ” என்று கூப்பிட்டோம். வந்தார். அலுமாரியில் கையை வைத்துப் பார்த்தார். “அன்ரி, இப்படி என்று எனக்குத் தெரியாது” என்றார்.

முதலில் பேஸ் பெட்டியை மூலையிலிருந்து எடுத்தார். மூலையில் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து ஒலியைப் பெருக்கும். பிறகு பழைய சோபாவின் இறுக்கமான ஸ்பொஞ்சை நான்கு துண்டாக வெட்டி, அதன்மேல் பாரமான சீமெந்துக் கல்லொன்றை வைத்து, அதற்கு மேல் பெட்டியை வைத்தார். இதில் ஒரு கவனம் வேண்டும். பாரத்துக்கு ஸ்பொஞ் கொஞ்சம் அமிழ வேண்டும். முழுதாக நசுங்கினாலும் பயனில்லை, அமிழாமல் விறைத்து நின்றாலும் பயனில்லை. தடித்த றப்பர் துண்டும் உதவும். இவ்வளவும் தளத்தால் இறங்கும் அதிர்வுக்குத்தான். காற்றால் வரும் பேஸுக்குக் குமிழைத் திருப்பிக் குறைப்பதே வழி; இரவில் அதையும் செய்தார். சத்தம் முற்றாக நிற்கவில்லை. கண்ணாடி அதிர்வது நின்றது.

எல்லா வீட்டிலும் இப்படி ஒரு தம்பி இருக்கமாட்டார். பொலிஸ் பதிவும் சுற்றிவளைப்புமாய் இருந்த காலத்தில் முறைப்பாடு என்றாலே பயந்து வாய்மூடி இருந்தோம். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. 1996ஆம் ஆண்டின் சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் சொல்லும் அளவை பேஸ் ஒலியைக் குறைத்தே கணக்கெடுக்கும். கருவி குறைவாய்க் காட்டும், கட்டில் அதிர்ந்துகொண்டிருக்கும். 2007இல் உயர் நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கக்கூடாது என்றது. அது வெளியில் கட்டும் ஒலிபெருக்கிகளைப் பற்றியது. அதனால் முதலில் தொடர்மாடியின் முகாமைத்துவக் குழுவிடம் சொல்லுங்கள். அங்கே சரிவராவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்தது. சட்டத்தரணி பிடிக்கத் தேவையில்லை. போகுமுன் இரண்டு மூன்று கிழமைக்கு எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டாருக்கும் கேட்டிருந்தால் அவரையும் ஒரு கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள்.