போத்தலுக்குள் இருப்பது யாது?

நோயாளன் ஒருவன் தன் உடலினுள்ளே செல்லும் பொருள் யாதென அறியாதிருக்கும் வரையில், அவனுக்குச் செய்யப்படும் வைத்தியம் இருளிற் செய்யப்படும் வைத்தியமேயாகும். உணவைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் இவ்வுண்மையை மறுப்பார் எவருமிலர். ஆனால், இன்று நம் இளைஞர் சிலர் பெற்றோர் கண்ணிற் படாது சட்டைப்பையில் மறைத்து வைத்திருக்கும் இலத்திரனியல் சிகரெட்டைப் பற்றி இதே கேள்வியைக் கேட்பவர் மிகச் சிலரே. அதனை நாம் இன்று கேட்க விரும்புகின்றோம்.

கரப்பான் நோயும், சொரியாசிஸ் எனப்படும் செதிற்படையும் ஒருவனை எளிதில் விட்டு நீங்குவன அல்ல. சில மாதம் அடங்கியிருக்கும். பின்னர் காரணம் தெரியாமலே கிளர்ந்தெழும். இரவில் உறக்கமில்லை, பகலில் நாலுபேர் முன்னே கை நீட்டக் கூச்சம். இத்தகைய நோயோடு வாழும் ஒருவன், இலத்திரனியல் சிகரெட்டின் திரவம் தன் நோயைக் கிளறுமா எனக் கேட்டால், அவனுக்கு இருவகை விடைகள் கிடைக்கின்றன. விற்பவன், ‘இது வெறும் நீராவி’ என்கின்றான். வீட்டிலுள்ளோர், ‘எல்லாம் நஞ்சு, விட்டுத் தொலை’ என்கின்றனர். முன்னது பொய். பின்னது நல்லெண்ணத்தில் எழுந்ததாயினும் விடையாகாது. ஏனெனில், எப்பொருள், எவ்வழியாக, எவருக்குத் தீங்கு செய்கின்றது என்பதை அது சொல்லவில்லை.

சீன நாட்டு மருந்தாளர் ஹொன் லிக் 2003ஆம் ஆண்டளவில் உருவாக்கிய இக்கருவி, இன்று உலகெங்கும் பல வடிவங்களிற் பரவியுள்ளது. அதன் உள்ளமைப்பு எளியது. ஒரு பற்றரி, ஒரு கம்பிச்சுருள், சிறிதளவு திரவம் ஆகியவையே அதிலுள்ளன. மின்சாரத்தாற் கம்பி சூடேற, திரவம் நுண்துளிப் படலமாக மாறிச் சுவாசப்பையைச் சென்றடைகின்றது. திரவத்தின் பெரும்பகுதி புரோப்பிலீன் கிளைக்கோலும் கிளிசரீனுமாகும். இவற்றோடு நிக்கொட்டினும் வாசனைச் சரக்குகளும் சேர்கின்றன. ஆகவே, நாம் விசாரணைக்கு அழைக்க வேண்டியவை நான்கு பொருள்களும், அவற்றைச் சூடேற்றும் கம்பியுமேயாம்.

முதலாவதாகப் புரோப்பிலீன் கிளைக்கோலை எடுத்துக்கொள்வோம். உணவிலும் மருந்திலும் அழகுப் பூச்சுகளிலும் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் பொருள் இது. பெரும்பாலானோருக்கு இதனாற் தொல்லை எதுவும் இல்லை. எனினும், சிலரது தோல் இதனை ஏற்பதில்லை. அமெரிக்கத் தொடுகைத் தோலழற்சிச் சங்கம் 2018ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக இதனையே அறிவித்தது. கரப்பானுக்குப் பூசப்படும் ஸ்டிரொயிட் களிம்புகள் பலவற்றிலும் இதே பொருள் கலந்திருக்கின்றது என்பது இங்கே கவனிக்கற்பாலது. நோயை ஆற்றப் பூசும் களிம்பே நோயை நீட்டிக்கவும் கூடும்! களிம்பு வழியாக இப்பொருளுக்கு ஒவ்வாமை பெற்றுவிட்ட ஒருவன், அதனை உணவின் வழி உட்கொண்டபோது தோல் கிளர்ந்த நிகழ்ச்சிகள் வைத்திய ஏடுகளிற் பதிவாகியுள்ளன. சுவாசத்தின் வழி செல்லும்போதும் அவ்வாறே நிகழலாம் என ஐயுறுவதற்கு இஃது ஒரு நியாயமான காரணமாகும்.

இரண்டாவது கிளிசரீன். தோலின் ஈரத்தைக் காக்கும் பொருளென அதனைப் பூசுவோர் பலர்; அதில் தவறில்லை. ஆனால், தோலிற் பூசுவது வேறு. சூடேற்றிச் சுவாசிப்பது வேறு. கம்பி அளவுமீறிச் சூடாகும்போது, கிளிசரீனும் புரோப்பிலீன் கிளைக்கோலும் சிதைந்து, எரிச்சலூட்டும் அக்குரோலீன், போமல்டிகைட்டு முதலியனவாக மாறுகின்றன. போமல்டிகைட்டு தோல் ஒவ்வாமைக்குப் பெயர்பெற்ற பொருள் என்பதைத் தோல் வைத்தியர் யாவரும் அறிவர்.

மூன்றாவது வாசனைச் சரக்கு. மாம்பழம், புதினா, கறுவா என மணக்க மணக்க விற்கப்படும் திரவங்களில் என்னென்ன கலந்துள்ளன என்பதை மணத்தைக் கொண்டு அறிய இயலாது. கறுவாப்பட்டைக்கு மணமூட்டும் சின்னமல்டிகைட்டும், கராம்புக்கு மணமூட்டும் இயூஜினோலும் தோல் ஒவ்வாமைப் பரிசோதனையில் வழக்கமாகச் சேர்க்கப்படும் வாசனைக் கலவையின் உறுப்புகளாகும். கறுவா நம் நாட்டுக்கு உலகப் புகழ் தந்த சரக்கு. கறியில் அதனைச் சேர்ப்பதைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால், வாசனைத் தைலம் பட்டதும் தடித்துச் சிவக்கும் தோலுடையவன் அதே பொருளை நாளொன்றுக்கு நூறுமுறை சுவாசித்தல் அறிவுடைமையன்று.

கம்பியின் கதை இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. பல கருவிகளிற் கம்பிச்சுருள் நிக்கலும் குரோமியமும் சேர்ந்த கலப்புலோகமாகும். நிக்கல் என்பது மலிவான தோட்டிலும் கைக்கடிகாரத்திலும் இருந்து பலருக்குச் சொறி உண்டாக்கும் உலோகம். 2015இல் பிரான்ஸ் நாட்டு வைத்தியர்கள், இலத்திரனியல் சிகரெட்டின் நிக்கலால் உண்டான தொடுகைக் கரப்பானைப் பற்றி எழுதினர். 2018இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர், சூடேறிய கம்பியிலிருந்து நிக்கல், குரோமியம், ஈயம் ஆகியன ஆவியிற் கலப்பதைக் கண்டனர். திரவம் தூயதாயினும் கருவி தூயதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இனி நிக்கொட்டின். இதனைப் பற்றி யாழ்ப்பாணத்துப் புகையிலைக் கமக்காரருக்கு எவரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. பனியில் நனைந்த இலையோடு வெறுங்கையாற் பாடுபட்டவனுக்குத் தலைச்சுற்றும் குமட்டலும் வருவது, நிக்கொட்டின் தோலின் வழியே உட்புகுவதனாலேயாம். புகையிலைச் சாற்றைப் பயிர்ப் பூச்சிக்குத் தெளித்த அனுபவமும் நம்மவருக்கு உண்டு. இந்நிக்கொட்டின் தோலின் சிறு இரத்தக்குழாய்களைச் சுருக்குகின்றது; புண் ஆறுவதைத் தாமதப்படுத்துகின்றது. சொறிந்து சொறிந்து வெடித்த தோலுக்கு இவ்விரண்டும் நன்மை தருவன அல்ல. சிகரெட்டுப் புகைப்போருக்குச் சொரியாசிஸ் வரும் வாய்ப்புக் கூடுதல் என்பதும், உள்ளங்கை உள்ளங்காலிற் சீழ்க்கொப்புளம் தோன்றும் நோயுடையோரிற் பெரும்பாலோர் புகைப்பவர் என்பதும் நன்கு நிலைநாட்டப்பட்ட செய்திகள்.

எனினும், நியாயத்தின் தராசை நாம் ஒருபக்கம் சாய்க்க விரும்பவில்லை. இலத்திரனியல் சிகரெட்டே கரப்பானை அல்லது சொரியாசிசை உண்டாக்குகின்றது என்று இதுவரை நிறுவப்படவில்லை. தோலைப் பற்றி வெளியான சான்றுகளிற் பெரும்பகுதி தனித்தனி நோயாளர் பற்றிய குறிப்புகளே. எரியும் சிகரெட்டின் புகையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட இரசாயனங்கள் உள்ளன. அதனோடு ஒப்பிடின் இவ்வாவியில் நஞ்சு குறைவே. அதனாற்றான் பிரித்தானிய வைத்தியத்துறை, புகைப்பதை விட முயலும் வளர்ந்தோருக்கு இதனை ஒரு துணையாக ஏற்கின்றது. ஆனால், புகைக்காத ஒருவன் இதனைத் தொடங்குவதற்கு இஃது எவ்வகையிலும் நியாயமாகாது. மேலும், பிரித்தானியாவில் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி, திரவத்தின் ஒரு மில்லிலீற்றரில் 20 மில்லிகிராமுக்கு மேல் நிக்கொட்டின் இருத்தலாகாது. சேர்மானப் பொருள்களை விற்பனைக்கு முன்பே அரசுக்கு அறிவிக்க வேண்டும். பொதியில் அவற்றின் பட்டியல் அச்சிடப்பட வேண்டும். அங்குள்ள நோயாளன் பட்டியலைப் பார்த்து வைத்தியரிடம் பேசலாம். இங்குள்ளவன் எதனைப் பார்த்துப் பேசுவான்?

சேர்மானம் அறியாமையின் விலை என்னவென்பதை அமெரிக்கா 2019இற் கண்டது. சுவாசப்பை வெந்து நோயாளர் கூட்டங்கூட்டமாக ஆஸ்பத்திரிக்கு வந்தனர். 2020 பெப்ரவரி 18ஆம் திகதிவரை 2,807 பேர் இந்நோயினாற் பாதிக்கப்பட்டோராகக் கணக்கிடப்பட்டனர். அவர்களுள் 68 பேர் மாண்டனர். பெரும்பாலோர் பயன்படுத்தியவை கஞ்சாச் சத்துக் கலந்த, முறையான கடைக்கு வெளியே வாங்கப்பட்ட திரவங்கள். அவற்றிற் கலந்திருந்த விற்றமின் ஈ அசிற்றேற்று என்ற பொருளே பிரதான குற்றவாளியென ஆய்வுகள் காட்டின. அப்பொருளோ தோற் பூச்சுகளிற் தீங்கின்றிப் பயன்படும் பொருள்! ‘தோலுக்கு நல்லது, ஆகவே சுவாசப்பைக்கும் நல்லது’ என்ற வாதம் அன்றே வீழ்ந்தது. பூசத்தக்கது எல்லாம் சுவாசிக்கத்தக்கது அன்று. உண்ணத்தக்கது எல்லாம் சுவாசிக்கத்தக்கது அன்று.

நமது நாட்டு நிலைமை யாது? 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த மதுசாரம் மற்றும் புகையிலை பற்றிய தேசிய அதிகார சபையின் சட்டத்தையொட்டி 2016இற் பிறப்பிக்கப்பட்ட ஒழுங்குவிதிகள், புகையிலை கலந்த இலத்திரனியல் சிகரெட்டுகளின் உற்பத்தியையும் இறக்குமதியையும் விற்பனையையும் தடைசெய்தன. இத்தடையை நாம் எதிர்க்கவில்லை, வரவேற்கின்றோம். ஆனால், தடை என்பது வேறு; அறிவு என்பது வேறு. களவாக வரும் போத்தலிற் பட்டியல் இல்லை. இருப்பினும் அதனை நம்புவதற்கில்லை. சட்டத்துக்கு அஞ்சியும் வீட்டாருக்கு அஞ்சியும் இளைஞன் தன் பழக்கத்தை மறைக்கின்றான். வைத்தியரோ உணவைக் கேட்கின்றார், சவர்க்காரத்தைக் கேட்கின்றார், உடையைக் கேட்கின்றார். ஆவியைக் கேட்பதில்லை. நோய் தணியாதபோது களிம்பின் வலிமை கூட்டப்படுகின்றது. வலிமை மிக்க ஸ்டிரொயிட் களிம்பைத் தொடர்ந்து பூசினாற் தோல் மெலிந்து நலியும் என்பதை அறிந்தோர், இந்த மௌனத்தின் கேட்டை உணர்வர்.

ஆகவே, நாம் சொல்லுவது இது. நோயாளர் வெட்கத்தை விட்டு வைத்தியரிடம் உண்மையைச் சொல்லுதல் வேண்டும். வைத்தியர் கண்டிக்கும் குரலில் அன்றி, அறியும் குரலிற் கேட்டல் வேண்டும். ஐயமிருப்பின் சில வாரங்கள் ஆவியை நிறுத்திப் பார்த்தலும், முதுகில் ஒட்டி 48 மணித்தியாலத்தின் பின் எடுத்து, மேலும் சில நாட்களில் மீண்டும் வாசிக்கும் ஒட்டுப் பரிசோதனையைத் தோல் வைத்திய நிபுணரிடம் செய்வித்தலும் பயன் தரும். அப்பரிசோதனையில் நிக்கல், வாசனைக் கலவை, புரோப்பிலீன் கிளைக்கோல் ஆகிய மூன்றும் இடம்பெற வேண்டுமெனக் கேட்பது நோயாளனின் உரிமை.

அரசாங்கத்துக்கும் ஒரு கடமை உண்டு. கைப்பற்றப்படும் திரவங்களை அழிப்பதோடு நின்றுவிடலாகாது. அவற்றின் மாதிரிகளைப் பகுத்தாராய்ந்து, கண்டவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடுதல் வேண்டும். தோற் களிம்புகளின் சேர்மானப் பட்டியலும் அவ்வாறே இருமொழியிலும் அச்சிடப்படல் வேண்டும். கண்ணுக்குப் புலப்படாத சிற்றெழுத்தில், ஆங்கிலம் அறிந்தார் மட்டும் வாசிக்கத்தக்கதாக ஒட்டப்படும் பட்டியல், தோட்டத்தில் மண்வெட்டி பிடிக்கும் கமக்காரனுக்கு வெறுங்காகிதமே. 2003ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புக்கென ஒரு சட்டத்தை இயற்றிய நாடு, நுகர்பவன் வாசிக்கும் மொழியைப் புறக்கணித்தல் தகாது.

தோல் நோயாளன் சலுகை கேட்கவில்லை. தன் உடலுக்குள் செல்வது யாதென்பதை மட்டுமே கேட்கின்றான். இக்கேள்விக்கு விடை சொல்ல இயலாத எவரும், விற்பவராயினும் ஆள்பவராயினும், அவனது நலத்தைப் பற்றிப் பேசும் தகுதியற்றவரே. விடை வரும் வரையில் இளைஞருக்கு நாம் கூறும் அறிவுரை ஒன்றே: பெயர் தெரியாத பொருளை மூச்சில் ஏற்றாதீர்கள்.