ஸ்காட்லாந்து டார்ட்டன்: யார் வேண்டுமானாலும் உடுத்தலாமா?

ஸ்காட்லாந்தில் நண்பருக்குக் கல்யாணம். கில்ட் வாடகைக்கு எடுக்கப் போனால், கடை முழுக்கக் கட்டம் போட்ட டார்ட்டன் துணிகள். பலவற்றுக்கு ஒரு குலத்தின் பெயர். அந்தக் குலத்தில் பிறக்காதவர் உடுத்தலாமா?

சட்டப்படி தடையில்லை. பால்மோரல் டார்ட்டன் மட்டும் மரபுப்படி அரச குடும்பத்துக்கு உரியது.

அப்புறம் ஏன் யோசிக்கணும்? 1746-ல் கலோடன் போரில் ஹைலேண்டு கிளர்ச்சிப் படை தோற்றதும், பிரிட்டிஷ் அரசு அந்த உடையையே தடைசெய்தது. உடுத்திய ஆண்களுக்கு 6 மாதம் சிறை. மறுபடி சிக்கினால் 7 ஆண்டு நாடுகடத்தல். 1782-ல்தான் தடை நீங்கியது. ‘இந்தக் குலத்துக்கு இந்த டார்ட்டன்’ என்ற பட்டியல் பெரும்பாலும் 19-ம் நூற்றாண்டில் உருவானதுதான். ஆனாலும், ஒருகாலத்தில் பறிக்கப்பட்ட உடை அது. வெறும் ஃபேஷன் இல்லை.

எனவே, தொடர்பில்லாதவர்கள் பிளாக் வாட்ச் போன்ற பொது டார்ட்டனை எடுக்கலாம். நண்பர் குடும்பத்தின் டார்ட்டன்தான் பிடித்திருக்கிறதா? ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும். ஆனால், பெல்ட் வடிவ வளையத்துக்குள் குலச்சின்னம் பொறித்த பேட்ஜ் வேண்டாம். அது அந்தக் குலத்தவருக்கானது. கில்ட்டின் மடிப்புகள் பின்பக்கம் வரணும். ‘உள்ளே என்ன போட்டிருக்கே?’ என்ற பழைய ஜோக்கையும் விட்டுவிடலாம்.

உடுத்தும் உரிமை எல்லோருக்கும் உண்டு. அடுத்தவர் குலத்துக்கு உரிமை கொண்டாடுவதுதான் தப்பு.