அடிக்கத் தெரிந்தால் போதுமா?

"கிளவுட்னா யாருடா?" என்று ஹாஸ்டல் ஜூனியர் ஒருவனைக் கேட்டேன். "பெரிய கத்தி வச்சிருப்பான், சிரிக்கவே மாட்டான், செம அடி அடிப்பான்ணே!" என்றான். மூன்று மாதமாக 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்' விளையாட்டில் கிளவுடை எடுத்துத்தான் எங்களையெல்லாம் அடித்துத் துவைக்கிறான். அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

விஷயம் புதிதாக இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ரோல் பிளேயிங் கேம் என்பது நாற்பது, ஐம்பது மணி நேரம் ஆடுவது. நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்து, மெனுவைத் திறந்து யோசித்து, கொஞ்சம் கொஞ்சமாக வளர்வது. ஃபைட்டிங் கேம் சில நிமிஷத்தில் முடிந்துவிடும். முதலாவதிலிருந்து ஆளைத் தூக்கி இரண்டாவதில் போட்டால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

1997-ல் வந்த 'ஃபைனல் ஃபேன்டஸி 7'-ல் கிளவுட் தன்னை 'சோல்ஜர்' படையின் முதல் தர வீரன் என்று சொல்லிக்கொள்வான். பாதிக் கதைக்கு மேல்தான் நமக்குத் தெரியும், அவன் அந்தப் படையில் சேரவே இல்லை, வெறும் சாதாரணக் காவல் சிப்பாய் என்று. செத்துப்போன நண்பன் ஜாக்கின் நினைவுகளைத் தன்னுடையதாக நம்பிக்கொண்டிருக்கிறான். உண்மை தெரிந்ததும் உடைந்துபோய்ச் சக்கர நாற்காலியில் கிடக்கிறான். டிஃபாதான் அவன் மனசுக்குள் போய்த் துண்டு துண்டாக எடுத்துக் கோர்க்கிறாள். ஆக, அந்தச் 'சிரிக்காத' முகமே ஒரு வேஷம்! 2015 டிசம்பரில் ஸ்மாஷுக்கு வந்தபோது வேஷம் மட்டும் வந்தது, ஆள் வரவில்லை.

லிமிட் மீட்டரைப் பாருங்கள். மூல விளையாட்டில் எதிரியிடம் வாங்கும் அடியில்தான் அது ஏறும். பட்டால்தான் பலம். ஸ்மாஷில் அடி வாங்கினாலும் ஏறும், கொடுத்தாலும் ஏறும், ஓரமாக நின்று பட்டனை அழுத்தினாலும் ஏறும்! வசதிதான்... ஆனால் அர்த்தம் போச்சு.

இதைவிட எனக்குக் கோபம் நெஸ் விஷயத்தில். 1994-ல் வந்த 'மதர் 2'-ன் நாயகச் சிறுவன். 1999-ல் வந்த முதல் ஸ்மாஷிலேயே இருக்கிறான். அங்கே அவன் வீசும் நெருப்பும் மின்னலும் அவனுடையதே இல்லை, கூட வரும் பாலா என்ற பெண்ணுடையது. சொந்த விளையாட்டில் அவனால் அவற்றைக் கற்கவே முடியாது. கடைசி எதிரியை வீழ்த்துவதுகூட யாருடைய அடியும் இல்லை, பாலாவின் பிரார்த்தனைதான். அவளுக்கு ஸ்மாஷில் ஆடும் இடமில்லை. அவள் சொத்து மட்டும் வேண்டும்! 2008-ல் லூகாஸ் வந்தபோதும் இதே கதை. குமடோராவின் வித்தைகள் அவன் கைக்குப் போயின. கூட்டாளிகளை விழுங்கித்தான் ஒரு ஹீரோ உருவாக வேண்டுமா என்ன?

"கதை சொல்லிக்கிட்டிருந்தா எவன்டா ஃபைட்டிங் கேம் ஆடுவான்?" என்று என் ரூம்மேட் கேட்கிறான். நியாயம்தான். நானும் கதை கேட்கவில்லை. விதியிலேயே சொல்லலாமே என்கிறேன். 2008-ல் பி.எஸ்.பி.யில் வந்த 'டிஸ்ஸிடியா'வில் எதிரியின் துணிச்சல் எண்ணைப் பறித்துச் சேர்த்து, அதை ஒரே அடியாக இறக்க வேண்டும். லெவலும் ஏறும். ஆடும்போதே கணக்குப் போட வைக்கிறது.

ஆனால் என் ஓட்டு 2019-ல் ஸ்மாஷுக்கு வந்த 'டிராகன் குவெஸ்ட்' ஹீரோவுக்குத்தான். சும்மா சொல்லக்கூடாது, பிரமாதம். சண்டை நடுவே ஒரு மெனு திறக்கும்! அதில் நாலு மந்திரம், எந்த நாலு என்பது அதிர்ஷ்டம். மந்திரத்துக்கு எம்.பி. செலவாகும், அது தீர்ந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அடி விழ விழ லிஸ்டைப் படிக்க வேண்டும். எதிராளியும் அதே லிஸ்டைப் படித்துப் பயப்படுகிறான். தவறி மெகாண்டேயைத் தொட்டால் நாமே வெடித்துச் சிதறுவோம். அதிர்ஷ்டத்தில் ஜெயிப்பது ஒரு ஜெயிப்பா என்று போட்டி ஆட்டக்காரர்கள் பலர் முகம் சுளித்தார்கள். நானும் தோற்றிருக்கிறேன், திட்டியும் இருக்கிறேன். இருந்தாலும் அந்த மெனுவைப் பார்த்துத் தவிக்கும் அரை வினாடி இருக்கிறதே, அது அசல் டிராகன் குவெஸ்ட்.

ஜூனியர் விஷயத்துக்கு வருகிறேன். என் தொல்லை தாங்காமல் பழைய லேப்டாப்பில் ஃபைனல் ஃபேன்டஸி 7 ஆரம்பித்திருக்கிறான். "ரொம்ப ஸ்லோவா போகுதுண்ணே" என்று முனகல். இன்னும் மிட்கார் நகரத்தையே தாண்டவில்லை. கிளவுட் உடையும் இடத்தைப் பற்றி நான் அவனிடம் வாயே திறக்கவில்லை. ஆண்டு மலர் அச்சாகி அவன் கைக்குப் போவதற்குள் பயல் அதைத் தாண்டிவிட வேண்டுமே என்பதுதான் இப்போது என் கவலை.