இருமலை மறைக்கலாமா?

இரண்டு வாரமாக இருமலா? பட்டுக்கோட்டை அரசு மருத்துவமனையில் சளியைச் சோதிக்கிறார்கள். காசு கிடையாது.

ஆனாலும், காசநோய் என்றால் குடும்பத்தைவிட்டுப் பிரித்துவிடுவார்களோ என்று பலருக்குப் பயம்.

அந்தப் பயம் வேண்டாம்!

1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கியது. நோயாளிகளில் ஒரு சாரார் சானடோரியத்தில் தங்கினர். மற்றவர்கள் வீட்டிலிருந்தே அதே மருந்தைச் சாப்பிட்டனர். ஓராண்டில் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. இந்த முடிவு 1959-ல் வெளியாயிற்று.

மருந்து தொடங்குமுன்தான் நோய் அதிகம் பரவுகிறது. ஆகவே, மறைப்பதுதான் ஆபத்து!

முற்றிய நிலையில் வருவோரை உடனே மருத்துவமனையில் சேர்க்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-ல் தொடங்கியது. அதுவரை ஏன் காத்திருக்க வேண்டும்?

வழக்கமான காசநோய்க்கு ஆறு மாத மருந்து. இருமல் நின்றாலும் பாதியில் நிறுத்தக்கூடாது.