டில்லி ஆங்கில இலாகாவில் நடந்தது என்ன?

பல்கலைக் கழகத்தின் ஆங்கில இலாகா என்றதும் நம்மில் பலருக்கு என்ன நினைவு வருகிறது? ஷேக்ஸ்பியர் நாடகம், மில்டனின் காவியம், கழுத்தில் டை கட்டிய புரொபஸர். அங்கே எந்தப் பாடத்தை வைத்தால் என்ன, எதை எடுத்தால் என்ன, நம் வீட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும்.

சம்பந்தம் உண்டு. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் டில்லிப் பல்கலைக் கழகத்தில் நடந்த ஒரு விவகாரத்தைக் கவனித்தால் அது விளங்கும். அந்த விவகாரத்தின் நடுவில் நின்ற மூன்று பெண்களில் இருவர் தமிழ்ப் பெண்கள்.

டில்லியில் பி.ஏ. ஆனர்ஸ் வகுப்பில் ஆங்கில இலக்கியம் படிக்கிறவர்களுக்கு, ஐந்தாவது செமஸ்டரில் 'பெண்களின் எழுத்து' என்று ஒரு பாடம் இருந்தது. பல தேசத்துப் பெண்கள் எழுதிய கதை, கவிதை, கட்டுரைகளைச் சேர்த்துப் படிப்பார்கள். அதில் வங்காள எழுத்தாளர் மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' என்ற சிறுகதை இருந்தது. பாமாவின் 'சங்கதி' இருந்தது. சுகிர்தராணியின் கவிதைகள் இருந்தன. ஆகஸ்டில் பல்கலைக் கழகத்தின் கல்விக் கவுன்சில் கூடியபோது இந்த மூவரும் பாடத்திலிருந்து எடுக்கப்பட்டார்கள்.

ஆங்கில வகுப்பில் தமிழ் எழுத்துக்கும் வங்காள எழுத்துக்கும் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆங்கில இலக்கியத்தைக் கல்லூரிப் பாடமாக நம் நாட்டில் வைத்தது வெள்ளைக்கார ஆட்சி. 1835-இல் மெக்காலே துரை எழுதிய குறிப்பு பிரசித்தமானது. ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியத்துக்கென்று தனிப் பட்டப் படிப்பு 1894-இல்தான் ஏற்பட்டது. அதற்குப் பல காலம் முன்பே நம் கல்கத்தா, சென்னைப் பிள்ளைகள் ஷேக்ஸ்பியரை உருப் போட்டுக் கொண்டிருந்தார்கள்! சுதந்திரம் வந்த பிறகும் அந்தப் பழக்கம் நெடுநாள் நீடித்தது. பிறகு மெல்ல ஒரு மாறுதல் வந்தது. ஆங்கிலம் என்பது இங்கிலாந்துக்காரன் எழுதியதைப் படிக்க மட்டுந்தானா, பீகார் மாணவனும் கேரள மாணவியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வங்காளக் கதையையும் தமிழ்க் கவிதையையும் படிக்க அது ஒரு பாலமாகாதா என்று ஆசிரியர்கள் யோசித்தார்கள். மொழிபெயர்ப்புகள் பாடமாயின. 'திரௌபதி' கதை 1999 முதல் டில்லியில் பாடமாக இருந்து வந்தது.

பாமாவின் சொந்த ஊர் வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டி. சில காலம் கன்னியாஸ்திரீயாக இருந்து, வெளியே வந்து, ஆசிரியையானவர். 1992-இல் அவர் எழுதிய 'கருக்கு' பெரிய பரபரப்பை உண்டாக்கிற்று. 1994-இல் வந்தது 'சங்கதி'. ராஜா ராணி கதையல்ல அது. சேரிப் பெண்கள் வயலில் வேலை செய்வது, கூலியில் ஏமாறுவது, புருஷனிடம் அடிபடுவது, மறுநாள் ஒன்றும் நடவாதது போல எழுந்து சிரித்துப் பேசிக் கொண்டே வேலைக்குப் போவது எல்லாம் அதில் வருகின்றன. பாட்டியும் அக்கம் பக்கத்தாரும் பேசுகிற பேச்சு அப்படியே எழுத்தாகியிருக்கிறது. நாசூக்கான பாஷையை எதிர்பார்த்து எடுப்பவர்களுக்கு முகம் சுளிக்கும். உண்மையை எதிர்பார்ப்பவர்கள் கீழே வைக்க மாட்டார்கள்.

சுகிர்தராணி ராணிப்பேட்டைப் பக்கத்து லாலாப்பேட்டையைச் சேர்ந்தவர், பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியை. பெண்ணின் உடலைப் பற்றியும் சாதிக் கொடுமையைப் பற்றியும் ஒளிவு மறைவின்றிக் கவிதை எழுதுகிறவர். இவ்விருவர் எழுத்தையும் ஆங்கிலமாக்கியவர் லட்சுமி ஹோம்ஸ்ட்ரம் என்ற தமிழ்ப் பெண்மணி. இங்கிலாந்தில் வாழ்ந்து 2016-இல் காலமானார். அவர் உழைப்பு இல்லாவிட்டால் புதுப்பட்டிப் பேச்சு டில்லி வகுப்பறைக்குப் போயிருக்காது.

'திரௌபதி'யின் நாயகி தோப்தி என்ற சந்தால் குலத்துப் பெண். பணக்கார நிலச்சுவான்தார்களை எதிர்த்த கலகத்தில் இறங்கியவள். பட்டாளத்தார் அவளைப் பிடிக்கிறார்கள். காவலில் அவளுக்கு நேர்ந்த கொடுமையை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. பாரதத்துத் திரௌபதிக்குக் கண்ணன் சேலை கொடுத்தான்; இவளுக்குக் கொடுக்க யாரும் வரவில்லை. ஆனால் அவள் தலை குனியவில்லை. பெரிய அதிகாரியின் எதிரே நிமிர்ந்து நிற்கிறாள். பயப்படுகிறவன் அவன்தான். இந்தக் கதையை 1981-இல் ஆங்கிலத்தில் தந்தவர் காயத்ரி ஸ்பிவக். உலகத்தின் பல கல்லூரிகளில் அது படிக்கப்படுகிறது.

யார் எடுத்தார்கள்?

பாட திட்டம் என்பது வேத வாக்கல்ல. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றுவார்கள், மாற்றத்தான் வேண்டும். ஒரு புஸ்தகம் போய் இன்னொன்று வருவதைக் கொலைக் குற்றம் என்று யாரும் சொல்லவில்லை. எப்படிப் போயிற்று என்பதே கேள்வி.

வழக்கமான முறை இது: இலாகாவின் ஆசிரியர்கள் கூடி, கல்லூரிகளில் பாடம் நடத்துகிறவர்களையும் கலந்து, பட்டியல் தயாரிப்பார்கள். அது படிப்படியாக மேலே போய் கல்விக் கவுன்சிலில் அங்கீகாரம் பெறும். டில்லியில் இதற்கு நடுவே 'மேற்பார்வைக் குழு' என்று ஒன்று வைத்திருந்தார்கள். இந்தக் குழுதான் முதலில் பாமாவையும் சுகிர்தராணியையும் எடுத்துவிட்டுப் பண்டித ரமாபாயை வைக்கச் சொன்னது. பிறகு 'திரௌபதி' கதையையும் எடுக்கச் சொன்னது. கவுன்சிலின் அங்கத்தினர்களில் 15 பேர் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்தார்கள். குழுவில் அந்தந்தப் பாடத்து நிபுணர்கள் இல்லை, நீக்கியதற்குத் தக்க காரணமும் சொல்லவில்லை என்பது அவர்கள் புகார்.

சமையல் தெரியாத ஒருவர் அடுக்களைக்குள் நுழைந்து, சமைத்தவளை ஒரு வார்த்தை கேட்காமல் சாம்பாரிலிருந்து காயை எடுத்து வெளியே போட்டால் வீட்டில் சும்மா இருப்பார்களா?

பல்கலைக் கழகத்தின் பதிலையும் சொல்ல வேண்டும். பாடங்கள் முறைப்படி விவாதித்தே முடிவாயின. பாடத்தில் உள்ளது எவர் மனத்தையும் புண்படுத்தாமல் எல்லோரையும் தழுவியதாக இருக்க வேண்டும் என்றது அது. எழுத்தாளர்கள் என்ன சாதி என்பதே தமக்குத் தெரியாது என்றார் குழுவின் தலைவர். 'திரௌபதி' ராணுவத்தை இழிவாகக் காட்டுகிறது என்று சிலர் வாதித்தார்கள்.

மனம் புண்படக் கூடாது என்ற வாதத்தைச் சற்று யோசிக்க வேண்டும். யார் மனம்? சேரியில் அடிபட்டவள் தன் அடியைச் சொன்னால் கேட்கிறவர் மனம் புண்படத்தான் செய்யும். புண்படாமல் கேட்க அது தாலாட்டா? பட்டாளத்தைப் பற்றிய வாதத்திலும் எனக்குச் சம்மதமில்லை. கதையில் ஓர் அதிகாரி தவறு செய்தால் படை முழுவதற்கும் இழுக்கு என்றால், துச்சாதனன் வருகிற பாரதத்தை எந்த அரச குலம் சகித்துக் கொண்டிருக்கும்? ஒரு கல்லூரிப் பெண் இருபது வயதில், ஆசிரியர் துணையோடு, நாலு பேர் நடுவில் இந்தக் கதையைப் படித்து வாதம் செய்வது நல்லதா, அல்லது அது கண்ணிலேயே படாமல் பட்டம் வாங்கிக் கொண்டு போவது நல்லதா?

சாதி தெரியாது என்ற பதிலை ஒப்புக் கொள்வதும் கஷ்டம். பாமாவும் சுகிர்தராணியும் எழுதியதே அதைப் பற்றித்தான். ஒரு பக்கம் புரட்டினாலும் தெரிந்துவிடும். புரட்டிப் பார்த்தும் தெரியவில்லை என்றால் அது ஒரு மாதிரி. புரட்டாமலே எடுத்தார்கள் என்றால் அது இன்னும் மோசம்.

தமிழ் நாட்டில் இது பெரிய சர்ச்சையாயிற்று. அப்போது முதலமைச்சராக இருந்த மு. க. ஸ்டாலின் கண்டனம் தெரிவித்து, நீக்கிய பாடங்களைத் திரும்பச் சேர்க்கும்படி கேட்டார். எழுத்தாளர்களும் பேராசிரியர்களும் கூட்டறிக்கை விட்டார்கள். சுகிர்தராணியோ, இதில் தமக்கு வியப்பு ஒன்றும் இல்லை என்றார்.

முன்னும் நடந்தது

வியப்பு இல்லாததற்குக் காரணம் உண்டு. அதே பல்கலைக் கழகத்தில் 2011-இல், ஏ. கே. ராமானுஜன் பல ராமாயணங்களைப் பற்றி எழுதிய கட்டுரை சரித்திரப் பாடத்திலிருந்து எடுக்கப்பட்டது. நமது குறுந்தொகைப் பாடல்களை ஆங்கில உலகத்துக்கு அறிமுகம் செய்தவர் அந்த ராமானுஜன். ஆராய்ந்த நிபுணர் நால்வரில் பெரும்பாலோர் கட்டுரை இருக்கட்டும் என்றே சொல்லியிருந்தார்கள். 2019-இல் ஆங்கிலம், சரித்திரம், அரசியல், சமூகவியல் ஆகிய நான்கு இலாகாக்களின் பாட திட்டங்கள் ஆட்சேபத்துக்கு உள்ளாகி மறு பரிசீலனைக்குப் போயின. ஆங்கிலப் பாடத்தில் குஜராத் கலவரத்தைப் பின்னணியாகக் கொண்ட ஒரு கதைக்கு எதிர்ப்பு எழுந்தது.

டில்லிப் பல்கலைக் கழகத்தின் கீழ் ஏராளமான கல்லூரிகள் இருக்கின்றன. பட்டியலில் ஒரு வரியை அடித்தால் அத்தனை கல்லூரிகளிலும் அந்தப் பாடம் நின்றுவிடும். தனியொரு ஆசிரியர் விரும்பினாலும் பரீட்சைக்கு வராத பாடத்தை எத்தனை நாள் நடத்த முடியும்? பரீட்சைக்கு வராததை எந்தப் பிள்ளை படிக்கும்? நம் வீட்டிலேயே பார்க்கிறோமே.

2022-இல் நான்காண்டுப் பட்டப் படிப்பு வந்து பாடங்கள் மறுபடியும் புதிதாக எழுதப்பட்டன. அந்தப் பழைய பாட திட்டத்துக்கான சண்டை அத்தோடு பழங்கதையாயிற்று. இலாகா தயாரித்த பட்டியலில் வெளியார் கை வைக்கலாமா என்ற சண்டை அப்படிப் பழசாகிவிடவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இவர்களுக்குப் பதிலாக வந்த பண்டித ரமாபாய் யார்? பிராமண குலத்தில் பிறந்து, சமஸ்கிருதம் கற்று, பண்டிதர்களையே வியக்க வைத்த பெண்மணி. சென்னை ராஜதானியைப் பஞ்சம் வாட்டிய காலத்தில் பெற்றோரைப் பறிகொடுத்தவர். சாதி விட்டுக் கலியாணம் செய்து கொண்டார், இளமையிலேயே விதவையானார், 1883-இல் கிறிஸ்தவ மதத்தில் சேர்ந்தார். உயர் சாதிப் பெண்கள் வீட்டுக்குள் படும் பாட்டை 1887-இல் ஆங்கிலத்தில் புஸ்தகமாகவே எழுதினார். விதவைப் பெண்களுக்கு அவர் நடத்திய விடுதியைத் திலகரின் 'கேசரி' பத்திரிகை கடுமையாகத் தாக்கிற்று. 1893-இல் புனா நகரத்துப் பிரமுகர்கள் அவருடைய ஆலோசனைக் குழுவிலிருந்து விலகிக் கொண்டார்கள்.

யார் மனமும் புண்படாத பாடம் என்று இவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் அந்த 1887-ஆம் வருஷத்துப் புஸ்தகத்தைப் படித்திருந்தார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை.