‘தாங்கு செல்’ என்னும் அலட்சியம்

1856இல் ருடால்ஃப் விர்ஹோ, நியூரான்களின் இடைவெளியை நிரப்பும் பொருளுக்கு ‘நரம்புப் பசை’ எனப் பொருள்படப் பெயரிட்டார். அன்றைய நுண்ணோக்கிக்கு அவ்வளவே புலப்பட்டது. அவரைக் குறை சொல்வதற்கில்லை. இன்றும் கிளியல் செல்களைத் ‘தாங்கு செல்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, நியூரானுக்குப் படத்தோடு பக்கங்களை ஒதுக்கும் நம் பாடநூலாசிரியர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு நியூரானுக்குப் பத்து கிளியா என்ற பழங்கணக்கை இன்னும் ஒப்பிக்கிறார்கள். பிரேசிலில் சுசானா ஹெர்குலானோ-ஹூசல் குழுவினர் மூளைத் திசுவைக் கரைத்து உட்கருக்களை எண்ணி, 2009இலேயே விடை சொல்லிவிட்டார்கள்: நியூரான்கள் ஏறத்தாழ 8,600 கோடி, ஏனைய செல்கள் அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 8,500 கோடி.

தாங்குவது மட்டுமா இவற்றின் வேலை? நரம்பிணைப்பில் சிந்தும் குளூட்டமேட்டை ஆஸ்ட்ரோசைட் உடனுக்குடன் உறிஞ்சாவிட்டால், அதே குளூட்டமேட் நியூரானைக் கொன்றுவிடும். மயலின் உறையற்ற மெல்லிய நரம்பிழையில் துடிப்பு நொடிக்கு இரண்டு மீட்டர் செல்வதே அரிது. உறையிட்ட தடித்த இழையில் நூறு மீட்டர் வரை பாய்கிறது. அந்த உறையைச் சுற்றுவது கிளியா. வளரும் மூளையில் வேண்டாத இணைப்புகளைக் களைவதில் மைக்ரோகிளியாவுக்கும் பங்குண்டு.

இதெல்லாம் வெறும் சொற்சண்டை என்பாருக்குத் தொழுநோயைக் காட்டுகிறேன். உலகில் ஆண்டுதோறும் கண்டறியப்படும் புதிய நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். அக்கிருமி நரம்பில் குடியேறுவது ‘தாங்கு செல்’ என்று நாம் ஒதுக்கிய ஷ்வான் செல்லுக்குள்தான். அதையொட்டி எழும் அழற்சியில் நரம்பு சிதைகிறது. உணர்விழந்த கை அடுப்பில் சுடுவதை அறிவதில்லை. ஆறாத புண்களால் விரல்கள் குறுகுகின்றன. விரலைக் கிருமி தின்பதாக ஊர் இன்னும் நம்புகிறது. 2019 வரை தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக ஏற்ற சட்டங்கள் இந்நாட்டில் இருந்தன!

தோலில் வெளிறிய தேமலைக் கண்டவர் களிம்பு தேடிப் போகிறார். முழங்கைக்குப் பின்னே தடித்த நரம்பைத் தொட்டுப் பார்க்க எவரும் அவருக்குக் கற்றுத்தரவில்லை. நரம்புச் சேதம் தொடங்கி ஆறு மாதங்களுக்குள் ஸ்டீராய்டு மருந்து தொடங்கினால், இழந்த உணர்வு திரும்ப வாய்ப்புண்டு. அந்தக் காலம்தான் களிம்பில் கழிகிறது. ஷ்வான் செல்லின் படத்தருகே தொழுநோய் என்ற ஒரு சொல்லை அச்சிட நம் பாடநூல்களில் இடமில்லையா?